ஹாரோ செமி, ஈஸ்ட் ஹாம் டெரஸ்: பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். லண்டன் ஹாரோவில் 1930-களில் கட்டிய செமி-டிடாச்டு வீடு (ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டியது) வாங்கியிருக்கிறீர்கள். சாவி கைக்கு வந்துவிட்டது. வாடகை வீட்டைக் காலி செய்ய இரண்டு வாரம்தான் இருக்கிறது, இரண்டு சின்னப் பிள்ளைகள். அதற்குள் வீடு முழுக்க வெள்ளை அடித்துவிட்டுக் குடிபோகலாமா, எந்தக் கம்பெனி பெயிண்ட் நல்லது, ஆள் வைப்பதா நாமே அடிப்பதா என்று கேட்கிறீர்கள். தம்பி கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் 1900-ஐ ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடு (இரண்டு பக்கமும் ஒட்டி வரிசையாகக் கட்டியது) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார், இதே யோசனை அவருக்கும் பொருந்துமா என்பது கடைசிக் கேள்வி.

இரண்டு வாரத்தில் வீடு முழுக்க அடிக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். மாடியில் படுக்கையறைகளை மட்டும் ஒழுங்காகச் செய்துகொண்டு குடிபோங்கள். கீழ்த்தளத்தை ஒரு குளிர்காலம் கழித்துத் தொடுங்கள். இந்த வகை வீடுகளில் பெயிண்ட் கெட்டுப்போவதற்குப் பெயிண்ட் காரணமாக இருப்பது அபூர்வம். தண்ணீர் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கும், அல்லது அடியில் இருக்கிற பழைய பூச்சு புதியதைப் பிடித்துக்கொள்ளாது. இரண்டும் தெரியாமல் விலை உயர்ந்த பெயிண்டை அடித்தால் அடுத்த பிப்ரவரியில் அது தோல் தோலாக உரியும்.

முதலில் எந்த வகை வீடு என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹாரோ, வெம்பிளி, பின்னர் (Pinner), ரெய்னர்ஸ் லேன் பக்கத்து வீடுகள் பெரும்பாலும் இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே எழுந்தவை. மெட்ரோபாலிட்டன் ரயில்வே கம்பெனி தன் தடத்தை ஒட்டிய புறநகருக்கு 1915-ல் 'மெட்ரோலேண்ட்' என்று பெயர் வைத்து விளம்பரம் செய்தது. நாடு முழுக்க அந்த இருபது வருடத்தில் ஏறக்குறைய 40 லட்சம் வீடுகள் கட்டினார்கள். அவசரமாகக் கட்டியவைதான், ஆனால் மோசமானவை அல்ல. தம்பி பார்க்கும் டெரஸ் அதற்கு ஒரு தலைமுறை முந்தையது. செங்கலும் சுண்ணாம்புக் கலவையும்தான் அதன் சுவர்.

வெளியே நின்று செங்கலைப் பாருங்கள். செங்கலின் நீளப் பக்கமும் குட்டைத் தலையும் மாறி மாறித் தெரிந்தால் அது ஒன்பது அங்குலக் கெட்டிச் சுவர். நீளப் பக்கம் மட்டுமே தெரிந்தால் பெரும்பாலும் இரட்டைச் சுவர், நடுவில் இரண்டு அங்குலம் போல வெற்றிடம் இருக்கும். உங்கள் வீட்டு முகப்பில் கூழாங்கல் பதித்த பெபிள்டேஷ் பூச்சு இருந்தால் செங்கல் தெரியாது. அப்போது வாசல் நிலைக்குப் பக்கத்தில் சுவரின் கனத்தை அளந்து பாருங்கள். பூச்சோடு சேர்த்து 25 செ.மீ. அளவில் நின்றால் கெட்டிச் சுவர், 30 செ.மீ.யைத் தொட்டால் இடையில் வெற்றிடம் இருக்கிறது. 1930-களில் இரண்டு விதமும் கட்டினார்கள், அதனால் பக்கத்துத் தெருக்காரர் சொன்னதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இது ஏன் முக்கியம் என்றால், கெட்டிச் சுவர் மழையில் கொஞ்சம் நனையும், வெயிலிலும் காற்றிலும் காயும். அப்படி நனைந்து காய்வதற்காகவே கட்டியது அது. உள்பக்கம் மயிர் கலந்த சுண்ணாம்புக் காரை. நம் ஊர்ப் பழைய வீடுகளில் கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த காரை இருக்குமே, வேலை செய்யும் விதத்தில் அதற்கு இது உறவுதான். ஈரத்தை வாங்கும், விடும். அதன் மேல் இரண்டு கை வினைல் சில்க் (பளபளப்பான பிளாஸ்டிக் பெயிண்ட்) அடித்தால் சுவருக்கு ரப்பர் சட்டை போட்டது போலத்தான். ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்டையே தள்ளிக்கொண்டு வரும்.

சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இதில்தான் நிறையப் பணம் வீணாகிறது. கீழ்ச்சுவரில் கறை தெரிந்ததும் 'ஓதம் ஏறுகிறது' என்று முடிவுகட்டி, சுவரில் ஓட்டை போட்டு ரசாயனம் ஏற்றுகிற கம்பெனியைக் கூப்பிடுவார்கள். அவர்கள் இலவசமாக வந்து பார்ப்பார்கள். இலவசமாகப் பார்க்கிறவர் எதை விற்கிறாரோ அதைத்தான் நோய் என்பார். அதற்கு முன்னால் நீங்களே பார்க்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. கூரை ஓரத்துக் கட்டர் (மழைநீர் வாங்கும் வாய்க்கால்) அடைத்திருக்கிறதா, மழைநீர்க் குழாயின் பின்பக்கம் பச்சையாகப் பாசி பிடித்திருக்கிறதா, ஜன்னல் அடிப்பலகைக்குக் கீழே தண்ணீர் சொட்டி விழுவதற்கான சிறு பள்ளம் பழைய பெயிண்டால் மூடிப்போயிருக்கிறதா என்று பாருங்கள். சுவரின் அடியில் ஓதம் தடுக்க ஒரு படலம் போட்டிருப்பார்கள், டெரஸில் அது பெரும்பாலும் ஸ்லேட் கல். வெளித்தரை அந்தப் படலத்துக்குக் குறைந்தது 150 மி.மீ. கீழே இருக்க வேண்டும். முன்னால் கார் நிறுத்த பிளாக் பதித்தவர் தரையை உயர்த்தியிருப்பார், பின்னால் பேட்டியோ (கல் பாவிய முற்றம்) போட்டவரும் அதையே செய்திருப்பார். பிறகு வீட்டுக்குள் ஈரம் என்று ரசாயனக்காரரைத் தேடுவது. மரத்தரைக்கு அடியில் காற்றுப் போக வைத்த ஏர்பிரிக்கையும் (ஓட்டைச் செங்கல்) அதே பேட்டியோ பாதி மூடியிருக்கும்.

இன்னொரு இடம் பழைய கணப்பு இருந்த சுவர். படுக்கையறையிலோ ஹாலிலோ சிம்னி எழுந்து போகும் பகுதியில் மஞ்சளும் பழுப்புமாய்க் கறை திரும்பத் திரும்ப வந்தால், அது வெறும் மழைக் கசிவாக இருக்க வேண்டியதில்லை. பல பத்து வருடம் நிலக்கரி எரிந்த புகைக்குழாயின் உட்பக்கம் கரியும் உப்பும் ஊறிப்போயிருக்கும். அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும், ஈரமான நாட்களில் கறை அடர்த்தியாகும். கணப்பை அட்டை வைத்து அடைத்தவர் ஒரு காற்றுத்துளை விட்டிருக்கிறாரா, மேலே சிம்னி வாயில் மழை விழாமல் காற்று மட்டும் போகும் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இவை இரண்டும் இல்லாமல் கறை மேல் எத்தனை கை அடித்தாலும் தோற்றுவிடும்.

மூன்றாவது தண்ணீர் நாமே உண்டாக்குவது. நம் சமையலைப் பற்றித்தான் சொல்கிறேன். இட்லியோ இடியப்பமோ அவிக்கிறோம், சோறு வடிக்கிறோம், குழம்பு அரை மணி நேரம் கொதிக்கிறது, மழைக்காலத்தில் துணியை ரேடியேட்டர் மேல் போடுகிறோம். அந்த ஆவி எல்லாம் வீட்டிலேயே மிகக் குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய்ப் படியும். வெளியே துருத்தி நிற்கும் பே ஜன்னலின் மூலை, வடக்குப் பார்த்த சுவரில் அலமாரிக்குப் பின்னால், மாடியில் கூரையும் (அறையின் சீலிங்) சுவரும் சேரும் கோடு. அங்கே கறுப்புப் பூசணம் பூக்கும். பூசணத்தடுப்பு பெயிண்ட் என்று விற்கிறார்கள், கொஞ்ச நாள் தாங்கும். அடுப்புக்கு மேல் இருக்கிற ஹூட் கரிப் பில்டர் வழியாக அறைக்குள்ளேயே காற்றைத் திருப்பி விடுகிற வகையாக இருந்தால், முதல் செலவாக அதை மாற்றி வெளிச்சுவர் வழியே குழாய் விடுங்கள். பெயிண்ட் செலவை விட அது பெரியதாக இருக்கலாம், ஆனாலும் அதுதான் முதலில். ஒரு குளிர்காலம் கழித்துக் கீழ்த்தளத்தைத் தொடச் சொன்னது இதனால்தான். நவம்பர் முதல் மார்ச் வரை அந்த வீட்டில் சமைத்துத் தூங்கிப் பார்த்தால் எந்த மூலை நனைகிறது என்று வீடே காட்டிவிடும்.

இனி, சுவரில் ஏற்கனவே என்ன இருக்கிறது என்ற விஷயம். ஈஸ்ட் ஹாம் டெரஸில் கண்டிப்பாகவும் உங்கள் வீட்டிலும் சந்தேகிக்க வேண்டியது பழைய டிஸ்டெம்பர். இந்தியாவில் டப்பாவில் விற்கிற டிஸ்டெம்பர் அல்ல இது. சுண்ணத்தூளும் மிருகப் பசையும் தண்ணீரில் கலந்த பூச்சு. அறையின் உட்கூரையில் அதிகம் இருக்கும். பின்னால் வந்தவர்கள் அதைக் கழுவாமல் மேலேயே எமல்ஷன் அடித்திருப்பார்கள், அதுவும் பல காலம் நிற்கும். நீங்கள் ரோலரை ஈரமாக ஓட்டியதும் எல்லாம் சேர்ந்து காகிதம் போலக் கழன்று ரோலரில் சுற்றிக்கொள்ளும். ஏதாவது ஒரு மூலையில் பொருக்கைப் பெயர்த்து, அடியில் இருப்பதை ஈரவிரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாகவோ வெளிர் நீலமாகவோ மாவு ஒட்டினால் டிஸ்டெம்பர். வெந்நீரும் ஸ்பாஞ்சும் கொண்டு கழுவுவதுதான் சரியான வைத்தியம், தோள்பட்டை விட்டுப்போகும். முழுதாகப் போகாத இடத்தில், மாவை இறுக்கிப் பிடிக்கிற ஊடுருவும் ப்ரைமர் ஒன்று அடித்துவிட்டு மேலே போகலாம்.

அடுத்து ஈயம். மரவேலை எல்லாவற்றையும் சந்தேகியுங்கள்: கதவு, ஜன்னல் சட்டம், மாடிப்படிக் கைப்பிடி, சுவரடிப் பலகை. 1960-களுக்கு முந்தைய வீட்டில் அடியடுக்குகளில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். பொதுமக்களுக்கு அதை விற்பது பிரிட்டனில் 1992-ல்தான் சட்டப்படி நின்றது. நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிற பழைய பெயிண்ட் ஆபத்தில்லை, அதன் மேல் அடித்து மூடிவிடலாம். ஆபத்து தூளிலும் புகையிலும் இருக்கிறது. எலெக்ட்ரிக் சாண்டரை வைத்துக் காய்ந்த பெயிண்டைத் தேய்ப்பதும், தீ வைத்து உரிப்பதும் கூடாது. தண்ணீரில் நனைத்த வாட்டர்ப்ரூஃப் உப்புத்தாளால் தேய்த்து, சேற்றை ஈரத்துணியால் துடைத்துக் கட்டிப் போடுங்கள். முகமூடி நுண்தூளைத் தடுக்கிற எப்.எப்.பி.3 (FFP3) தரத்தில் இருக்க வேண்டும், சாதாரண மருத்துவ முகமூடி போதாது. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்த வேலை முடிந்து துடைத்து எடுக்கும் வரை வீட்டுக்குள் வரவே கூடாது. வீடு காலியாக இருக்கிற இந்த இரண்டு வாரத்தை இதற்குப் பயன்படுத்துவதுதான் புத்திசாலித்தனம். சுவருக்கு வெள்ளை அடிப்பதைப் பிள்ளைகள் பக்கத்து அறையில் இருக்கும்போதுகூடச் செய்யலாம்.

கூரையில் சுழிசுழியாகவோ கூர்கூராகவோ ஆர்டெக்ஸ் பூச்சு இருந்தால் கையை வைக்காதீர்கள். 1970-களில் இந்த வீடுகளுக்கெல்லாம் அதை அடித்துத் தள்ளினார்கள். 1980-களின் நடுப்பகுதி வரை அதில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் கலந்தார்கள். பார்த்துச் சொல்ல முடியாது. சிறு துண்டை நனைத்து எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் சில நாளில் பதில் வரும், செலவும் அதிகமில்லை. இருக்கிறது என்று வந்தாலும் பயப்பட வேண்டாம், சுரண்டாமல் இருந்தால் போதும். அப்படியே பெயிண்ட் அடிக்கலாம், அல்லது பிளாஸ்டர்போர்டு வைத்து மூடலாம்.

அப்புறம் உட்சிப். காகிதத்தில் மரத்தூள் கலந்து சோறு ஒட்டியது போல இருக்குமே, அதேதான். மட்டமில்லாத சுவரை மறைப்பதற்கு ஒட்டினார்கள். உரிப்பது நரகம், ஏனென்றால் மேலே நாலைந்து கை பெயிண்ட் இருக்கும். மேற்பரப்பைக் கீறிவிட்டு ஸ்டீமர் வைக்க வேண்டும், ஆனால் ஒரே இடத்தில் ரொம்ப நேரம் வைத்தால் பழைய காரையே ஊதிக்கொண்டு வந்துவிடும். உட்சிப்புக்குப் பின்னால் நல்ல சுவர் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்காதீர்கள். நல்ல சுவராக இருந்திருந்தால் அதை ஒட்டியிருக்கவே மாட்டார்கள். படுக்கையறையில் இருந்தால் இப்போதைக்கு விட்டுவிட்டு மேலேயே அடியுங்கள். தம்பியின் வீட்டு நடையில் சுவரின் கீழ்ப்பாதியில் புடைப்புச் சித்திரம் போலக் கெட்டியான பூவேலை இருந்தால் அது வேறு; 1877-ல் வந்த லின்க்ரஸ்டாவோ 1887-ல் வந்த அனக்ளிப்டாவோ ஆக இருக்கலாம். அதை உரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மேலே அடித்து வைத்தால் இன்னும் நூறு வருடம் இருக்கும்.

விரிசல்களில் பெரும்பாலானவை வயதுக்கான சுருக்கம்தான். பே ஜன்னல் மூலச்சுவரோடு சேரும் இடத்தில் இந்த வீடுகள் எல்லாவற்றிலும் கோடு விழும். ஆனால் லண்டனின் அடியில் களிமண் இருக்கிறது. கோடையில் சுருங்கும், மழையில் ஊதும், பெரிய மரம் பக்கத்தில் இருந்தால் இன்னும் அதிகம். விரிசல் 3 மி.மீ.க்கு மேல் அகலம், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுகிறது, ஒரு முனை அகன்று மறுமுனை குறுகுகிறது, உள்ளேயும் வெளியேயும் தெரிகிறது என்றால் பட்டி பார்க்காதீர்கள், கட்டடத்தைப் பரிசோதிக்கும் சர்வேயரைக் கூப்பிடுங்கள். மற்றதை எல்லாம் கத்தியால் கொஞ்சம் கீறி அகலப்படுத்தி, தூசு தட்டி, நனைத்து, பட்டி வைத்துத் தேய்த்தால் சரி. மரமும் சுவரும் சேரும் இடைவெளிக்குத்தான் காக் (குழாயிலிருந்து பிதுக்கி அடைக்கிற, வளைந்துகொடுக்கும் பசை). அதைச் சுவர் விரிசலில் வைத்தால் தேய்க்க முடியாது, தழும்பு தெரியும்.

சுவரை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். 'டொம்' என்று காலியாகக் கேட்கிற இடமெல்லாம் செங்கலை விட்டுக் காரை பிரிந்திருக்கிறது. தட்டும்போது ஆடாமல் நின்றால் விட்டுவிடலாம், நூறு வருடம் நின்றது இன்னும் நிற்கும். ஆடினால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, டெரஸில் சுண்ணாம்புக் காரையாலேயே நிரப்பச் சொல்லுங்கள். டெரஸ் கூரையில் மெல்லிய மரப்பட்டைகளை ஆணியடித்து அதன் மேல் பூசியிருப்பார்கள். அது தொய்ந்து தொங்கினால் பெயிண்டரின் வேலையே அல்ல.

தேய்த்தும் பட்டி வைத்தும் சுவர் நூற்றெட்டுத் தழும்போடு இருந்தால், முழுக்கப் பிளாஸ்டர் பூச வேண்டும் என்று சொல்வார்கள். அதற்கு முன் லைனிங் பேப்பரை யோசியுங்கள். 1400 அல்லது 1700 என்று கனம் குறித்த வெறுந்தாளை ஒட்டி அதன் மேல் பெயிண்ட் அடிப்பது இந்த ஊரின் பழைய வழக்கம். மயிரிழை விரிசல்கள் மறுபடி தெரியாது, பாதிச் செலவுகூட ஆகாது, அறை நனைந்து காயக் காத்திருக்கவும் வேண்டாம். இப்போது இளம் பெயிண்டர்கள் பலருக்கு இதில் விருப்பமில்லை, எல்லாவற்றுக்கும் பிளாஸ்டர்தான் சொல்கிறார்கள். புதிதாகப் பூசிய இடத்துக்கு ஒன்றே ஒன்று: இளஞ்சிவப்பு நிறம் சீராக வெளிறும் வரை காய விட்டு, முதல் கை மேட் எமல்ஷனை டப்பாவில் சொல்லியபடி தண்ணீர் கலந்து அடிக்க வேண்டும்.

எந்தக் கம்பெனி என்றீர்கள். டியூலக்ஸ், கிரவுன், ஜான்ஸ்டோன்ஸ், லேலண்ட் எதுவானாலும் 'டிரேட்' (தொழில்முறைப் பெயிண்டர்களுக்கானது) என்று போட்ட டப்பாவாக வாங்குங்கள், சூப்பர் ஸ்டோரில் சலுகை விலையில் அடுக்கியிருப்பது வேண்டாம். சுவருக்கும் கூரைக்கும் பளபளப்பில்லாத மேட். சில்க் வேண்டாம், ஈரத்தையும் அடைக்கும், பக்கவாட்டு வெளிச்சத்தில் பழைய சுவரின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டும். பிள்ளைகள் கிறுக்குவார்கள் என்றால் துடைக்கக்கூடிய மேட் இருக்கிறது, நடைக்கும் அவர்கள் அறைக்கும் அதை வாங்குங்கள். அடுப்புக்குப் பின்னால் எந்தப் பெயிண்டும் மஞ்சளுக்கும் எண்ணெய்க்கும் தாங்காது, டைல்தான்.

சாமி அறை, அல்லது சாமித் தட்டு இருக்கும் மூலை. விளக்கும் ஊதுபத்தியும் கரி படிய வைக்கும். முந்தைய குடும்பமும் நம்மவர்களாக இருந்தால் அந்தக் கறையை நீங்கள் சுவரில் பார்த்திருப்பீர்கள். எமல்ஷன் அடித்தால் காய்ந்ததும் மஞ்சளாக மேலே வந்துவிடும். சுகர் சோப் (சுவர்ப் பிசுக்கு எடுக்கும் சோப்பு) போட்டுக் கழுவி, அரக்கு கலந்த கறைதடுப்பு ப்ரைமர் ஒரு கை அடித்து, பிறகு பெயிண்ட். புகையிலைக் கறைக்கும், காய்ந்துபோன கசிவுக் கறைக்கும் இதே மருந்து. படங்கள் மாட்டுவதற்கு ஆணி அடிக்காதீர்கள். பழைய காரையில் ஆணி போனால் கூடவே கைப்பிடிக் காரையும் வரும். கூரைக்குக் கீழே சுவரைச் சுற்றி ஓடுகிற மரப்பட்டை இருக்கிறதல்லவா, பிக்சர் ரெயில், அது இதற்காகவே வைத்தது. அதற்கென்று கொக்கி விற்கிறார்கள், வெங்கடாசலபதியையும் கல்யாணப் போட்டோவையும் அதில் தொங்கவிடலாம். முந்தைய சொந்தக்காரர் அதைப் பிடுங்கியிருந்தால் மறுபடி வைக்கலாம், சாதாரண மரக்கடையில் நீள நீளமாகக் கிடைக்கும்.

மரவேலையில் நம்மவர்கள் பளபளக்கும் வெள்ளை கிளாஸ் (gloss) பெயிண்ட் கேட்பார்கள். ஐரோப்பிய விதிப்படி கரைப்பான் அளவை 2010-ல் குறைத்ததிலிருந்து எண்ணெய் சார்ந்த வெள்ளை கிளாஸ் முன்னைவிட வேகமாக மஞ்சளடிக்கிறது, வெளிச்சம் குறைவான நடையிலும் படியிலும் இன்னும் சீக்கிரம். மிதமான பளபளப்புள்ள, தண்ணீர் சார்ந்த சாட்டின் அடியுங்கள், வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். ஆனால் அதைப் பழைய எண்ணெய் கிளாஸ் மேல் நேராக அடித்தால் நகத்தால் சுரண்டி எடுக்கலாம். அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய, துணியில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் பெயிண்ட் இளகி ஒட்டினால் தண்ணீர் சார்ந்தது. ஒன்றும் ஆகவில்லை என்றால் எண்ணெய். எண்ணெய் என்றால் கழுவி, ஈரமாகத் தேய்த்து, ஒட்டுப்பிடிப்பு ப்ரைமர் ஒரு கை அடித்த பிறகே சாட்டின்.

தம்பி வீட்டில் மேலும் கீழும் நகர்கிற பழைய சாஷ் ஜன்னல்கள் மிஞ்சியிருந்தால் அதிர்ஷ்டம். பாதி ஜன்னல் திறக்காது, ஏனென்றால் பெயிண்டாலேயே ஒட்டிப்போயிருக்கும். இடுக்கில் மெல்லிய கத்தியை ஓட்டி விடுவிக்கலாம். அடிக்கும்போது கயிற்றில் பெயிண்ட் படக்கூடாது, ஓடுகிற தடத்தில் மெல்லிய கை மட்டும். கண்ணாடி மேல் 2 மி.மீ. ஏறும்படி கோடு இழுக்க வேண்டும், அப்போதுதான் கண்ணாடியைப் பிடித்திருக்கும் புட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே மழை இறங்காது. உங்கள் வாசல் கதவில் ஈயக்கோடு போட்ட வண்ணக் கண்ணாடி இருந்தால் அந்த ஈயத்தில் பெயிண்ட் ஏற்றாதீர்கள், அவ்வளவுதான்.

நிறத்தில் நான் ஒன்றுதான் சொல்வேன். லண்டனில் டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். வடக்குப் பார்த்த அறைக்கு நீலம் கலந்த சாம்பலும் தூய வெள்ளையும் அடித்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், கொஞ்சம் மஞ்சளோ சிவப்போ கலந்த வெள்ளை எடுங்கள். பிக்சர் ரெயிலுக்கு மேலே கூரையின் நிறத்தையே இறக்கிவிடுவது 1930-களின் வழக்கம், இன்றைக்கும் அந்த அறைகளுக்கு அது பொருந்துகிறது.

வெளிப்புறம். உங்கள் பெபிள்டேஷுக்கு மேசன்ரி பெயிண்ட் அடிக்கலாம், உதிர்கிற இடங்களைத் தட்டிப் பார்த்துச் சரிசெய்த பிறகு. அது சாதாரணச் சுவரைவிட மிக அதிகமாகப் பெயிண்ட் குடிக்கும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் 5 டிகிரிக்குக் கீழே போகிற காலத்தில் வேண்டாம், அதாவது ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரைதான். ஒட்டிய பாதி வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். இரண்டு பேரும் ஒன்றாகச் செய்தால் சாரச் செலவு பகிரும், நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு நிறமாக நிற்கவும் வேண்டாம். தம்பியிடம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: வெளிச்செங்கலுக்குப் பெயிண்ட் அடிக்கவே கூடாது. லண்டனின் மஞ்சள் ஸ்டாக் செங்கல் மூச்சுவிடாமல் போனால் உறைபனியில் முகம் உரிந்து விழும், ஒருமுறை அடித்ததை எடுப்பதும் ஏறக்குறைய முடியாது. பழமை காக்க அறிவித்த சில பாதுகாப்புப் பகுதிகளில் அதற்குக் கவுன்சில் அனுமதியும் வேண்டும். முன்பே யாராவது அடித்திருந்தால், மூச்சுவிடும் சிலிகேட் வகைப் பெயிண்ட் பற்றி விசாரிக்கலாம், ஆனால் பழைய பிளாஸ்டிக் பெயிண்டை எடுத்த பிறகுதான் அது வேலை செய்யும். செங்கல் இடுக்கை சிமெண்டால் பூசுவதும் இதே தவறுதான், சுண்ணாம்புக் கலவை கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 1877-ல் வில்லியம் மோரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொலைபேசியில் இலவசமாக ஆலோசனை சொல்கிறது. நம்மவர்களில் அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு.

ஆள் வைப்பதா என்றால், கூரையும் மாடிப்படிச் சுவரும் ஆளிடம் விடுங்கள், ஏணி வேலை விளையாட்டல்ல. படுக்கையறைச் சுவர்களை நீங்களே அடிக்கலாம். பெயிண்டரிடம் எத்தனை கை அடிப்பீர்கள் என்று கேட்காதீர்கள், அடிப்பதற்கு முன் என்னென்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கழுவுவது, தேய்ப்பது, பட்டி, ப்ரைமர் என்று தனித்தனியாக எழுதிக் கொடுப்பவரிடம் கொடுங்கள். பழைய மரத்தில் ஈயம் இருக்கலாமே என்று நீங்கள் சொன்னதும் சிரிப்பவரை அனுப்பிவிடுங்கள். சொந்தக்காரர் மகன் என்று முழுப்பணத்தையும் முன்னால் கொடுக்கவும் வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு என் கணக்கு இது. முதல் மூன்று நாள் கட்டர் துப்புரவு, ஆர்டெக்ஸ் இருந்தால் துண்டு எடுத்து அனுப்புவது, சுவர் தட்டிப் பார்ப்பது, மாடி மரவேலையை ஈரமாகத் தேய்த்து எல்லாவற்றையும் துடைத்து எடுப்பது. அடுத்த வாரம் இரண்டு படுக்கையறைக்கும் பட்டி, கூரை, சுவர், கடைசியில் மரம். மிச்ச நாட்கள் காய்வதற்கும் சமையலறை ஹூட்டுக்கு வெளிக்குழாய் போடுவதற்கும். தம்பி இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், நல்ல மழை பெய்கிற ஒரு நாளில் அந்த வீட்டின் பின்பக்கம் போய் நின்று கட்டரையும் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே எது வழிந்தாலும் விலை பேசும்போது அதைச் சொல்லிக் குறைக்கலாம்.